ஒலிபெருக்கியின் உச்சக்குரல்

மிருதங்கத்தின் இரு முகங்களும் ஒரே அளவினவாக இருப்பின் அது மிருதங்கம் ஆகாது. இடந்தலை அகன்றது, ரவைப் பசை அப்பப்பெற்று அடங்கிய குரலில் முழங்குவது. வலந்தலை சிறியது; நடுவே கருமை இடப்பெற்றுக் கணீரென்று பேசுவது. ஒரே தோலிடம் இவ்விரு தொழிலையும் ஒப்படைக்கலாகாது என்பதை வாத்தியம் செய்தோர் நன்கு அறிந்திருந்தனர். வீட்டிலே மரப்பெட்டி செய்து, அதில் இரண்டு ஒலிபெருக்கிகளைப் பொருத்தி வானொலி கேட்கும் அன்பர்கள் கையாளுவதும் இந்த உபாயந்தான். அகன்ற கூம்பு தாழ்ந்த சுரங்களைப் பேசுகிறது. ஒரு நாணயத்தின் அகலமே உள்ள சிறு குமிழ் உச்ச சுரங்களைப் பேசுகிறது. முன்னதற்கு நாய் குரைப்பதை நினைந்து வூஃபர் என்றும், பின்னதற்குக் குருவி கீச்சிடுவதை நினைந்து ட்வீட்டர் என்றும் ஆங்கில மொழியில் பெயர் வைத்தார்கள்.

இவ்விரண்டில் முதலில் உயிர்விடுவது பெரும்பாலும் குருவிதான். அது வாய்மூடிப் போனபின், அதன் இடத்தில் வேறொன்றை எவ்வாறு தேர்ந்து வைப்பது, வைத்தது சரிதானா என்பதை எவ்வாறு அளந்து அறிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முன்னாளில் இந்தக் கவலை எழவில்லை. 1925ஆம் ஆண்டு திசெம்பர் 16ஆந் திகதி கொழும்பிலே முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலொக் என்னும் இரு பொறியியலாளர், காகிதக் கூம்பும் காந்தத்திடையே அசையும் கம்பிச் சுருளும் கொண்ட ஒலிபெருக்கியைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டனர். இன்று வீடுகளில் உள்ள ஒலிபெருக்கிகளுள் மிகப் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. ஆனால் மத்திய அலையில் நிலையங்கள் 9,000 ஹேர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்பவை. அண்டை நிலையத்தின் இரைச்சல் புகாதிருக்க வேண்டுமாயின், விநாடிக்கு ஏறத்தாழ 4,500 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைப் பெரும்பாலும் வெட்டிவிடவே நேரும். அக்காலத்துப் பெட்டிக்கு ஒரு கூம்பே போதும். ட்வீட்டர் இருந்தாலும் அதற்கு வேலை இராது. பண்பலை ஒலிபரப்பு வந்தபின்னர் 15,000 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலி வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. வயலினின் வில் உராய்வும், தாளத்தின் சிலிர்ப்பும், செய்தி வாசிப்பவரின் சகரமும் அப்போதுதான் உருவத்தோடு கேட்டன. சகரத்தைப் பற்றி ஒரு சொல்: ‘பசி’ என்னும் சொல்லில் வரும் அந்தச் சீறலொலியின் வலிமை பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலேதான் உள்ளது. ட்வீட்டர் போய்விட்டால் பாட்டு மங்குவதோடு பேச்சிலும் மெய்யெழுத்துகள் தேய்கின்றன.

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டி செல்லும் பெருவழியிலே, காவத்தையைக் கடந்தபின் வருவது கொடகவெல. சூழவும் தேயிலையும் இறப்பரும். அங்குள்ள ஒரு தோட்டத்திலே ஒரு தந்தையும் மகனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தந்தை, தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையிலே, உருட்டு இயந்திரங்களுக்கும் சல்லடைகளுக்கும் நடுவில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்ந்தவர். தேயிலையைக் காகிதச் சாக்கில் அனுப்பும் வழக்கம் வருமுன்னர் மலிந்திருந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்து வைத்திருந்து, மெல்லிய அப்பலகைகளை இரண்டிரண்டாகப் பசையிட்டு ஒட்டி, தம் கையாலேயே இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் செய்தவர். ஒற்றைப் பலகையானால் அது தானே அதிர்ந்து ஒரு குரல் கொடுக்கும் என்பதைப் புத்தகம் படியாமலே கண்டவர் அவர். மகன் கொழும்பிலே வேலை பார்ப்பவன், தீபாவளிக்கு வந்திருக்கிறான். வலப்பக்கப் பெட்டி மங்கிக் கேட்கிறதே என்கிறான்.

“பெட்டி நல்லாத்தான்டா பாடுது. ஒங் காதுலதான் என்னமோ.”

“இல்லப்பா, நியூஸ் வாசிக்கிறவங்க சொல்ற ‘ச’வே அந்தப் பெட்டியில இல்லையே.”

இருவருமே தாம் கேட்டதை உள்ளபடி சொல்கிறார்கள். முதுமையில் செவி முதலில் இழப்பது உச்ச சுரங்களை. இயந்திர இரைச்சலில் நெடுநாள் உழைத்தவர்க்கோ 4,000 ஹேர்ட்ஸ் அளவிலே ஒரு பள்ளம் விழுவது மருத்துவர் நன்கறிந்த செய்தி. ட்வீட்டர் பேசத் தொடங்கும் இடமும் ஏறக்குறைய அதுவே. தந்தையின் காதுக்கு அந்தச் சிறு குமிழ் இருப்பதும் இல்லாததும் ஒன்றாகிவிட்டது. ஆகவே, காதை நடுவராக வைத்தால் இவ்வழக்குத் தீராது. தந்தை செய்த பெட்டியைத் தந்தையின் சொல்லை மீறித் திறக்கவும் மகனுக்கு மனம் இடந்தராது. அளந்து காட்டுதல் ஒன்றே வழி.

முதலில் செய்யவேண்டியது நோய் எதுவென்று அறிதல். ட்வீட்டரின் இரு முனைகளையும் சுற்றிலிருந்து கழற்றிப் பல்மானியால் தடையைப் பார்க்க வேண்டும். 8 ஓம் என்று எழுதப்பட்ட ட்வீட்டர் 5½ முதல் 7 ஓம் வரை காட்டினால் சுருள் அறுந்திலது என்க. 8 என்பது ஆடலோட்டத்துக்குச் சொல்லப்படும் பெயரளவு; நேரோட்டத்தில் அதற்குக் குறைவாகவே காட்டும். முள் அசையாவிட்டால் சுருள் அறுந்தது. தடை சரியாக இருந்தும் ஒலி இல்லையாயின், அதற்கு முன்னே தொடராக நிற்கும் கொள்ளளவியை, கடைக்காரர் கண்டன்சர் என்பதை, ஐயுற வேண்டும். மலிவான மின்பகு கொள்ளளவிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து தம் அளவு மாறும். சில ட்வீட்டர்களில் சுருளைக் குளிர்விக்கக் காந்தத் திரவம் இடுவார்கள். பல்லாண்டுகளில் அதுவும் இறுகிக் குமிழின் அசைவைக் கட்டிவிடும். அத்தகைய ட்வீட்டர் சாகவில்லை, ஆனால் முனகுகிறது. நாம் எடுத்துக்கொண்ட பெட்டியிலோ முள் அசையவேயில்லை.

சுருள் ஏன் எரிந்தது? இதை அறியாமல் புதியதை வைப்பது, ஒழுகும் கூரையின் கீழே புதுப்பாய் விரிப்பது போன்றது. மகன் அம்பிளிபயரைப் பார்த்தான். உச்ச சுரத் திருகு வலக்கோடி வரை திருப்பப்பட்டிருந்தது. தமக்குக் கேளாததைக் கேட்கவென்று தந்தை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏற்றியிருக்கிறார். அத்திருகு 10 டெசிபெல் ஏற்றுமாயின், ட்வீட்டருக்குச் செல்லும் வலு பத்து மடங்காகும். அதன்மேல், சிறிய அம்பிளிபயரைக் கொள்ளளவுக்கு மீறி அலறவிட்டால் அலையின் தலை வெட்டுண்டு சதுரமாகிறது; 20 வாட் கருவி அந்நிலையில் 40 வாட் வரை உமிழக்கூடும். வெட்டுண்ட அலையில் பிறக்கும் உப சுரங்களெல்லாம் மேலேறி அந்தச் சின்னஞ்சிறு சுருளிலேயே போய் விழுகின்றன. பெரிய அம்பிளிபயர்தான் ட்வீட்டரை எரிக்கும் என்பது பொதுமக்கள் எண்ணம். சிறியது திணறும்போதும் எரிக்கும்.

இனித் தேர்வு. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலே மின்னணுச் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன. கடையில் கேட்கப்படும் முதற் கேள்வி, “எத்தனை வாட்ஸ்?” என்பது. இரண்டாவது, “எத்தனை அங்குலம்?” என்பது. இரண்டும் அத்துணைப் பயன் தருவன அல்ல. ட்வீட்டரின் முதுகில் 80 வாட் என்று இருந்தால், அது தக்க பிரிப்புச் சுற்றோடு, பாட்டின் முழு வலுவில் தனக்குரிய பங்கை மட்டும் ஏற்றுக்கொள்ளும் நிலையிலே சொல்லப்பட்டது. அந்தச் சுருள் தனியாக இடையறாது தாங்குவது சில வாட்டே. அங்குலமோ, பழைய துளையில் புதிய முகத்தகடு உட்காருமா என்பதற்கு வேண்டும். பலகையை மீண்டும் அறுக்காமல் இருப்பது ஓர் ஆதாயந்தான். குரலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

கேட்கவேண்டியவை வேறு. முதலாவது, தடை எத்தனை ஓம் என்பது. ட்வீட்டருக்கு முன் ஒரு கொள்ளளவி மட்டும் நிற்கும் எளிய சுற்றை எடுத்துக்கொள்வோம். 8 ஓம் ட்வீட்டரை 3,000 ஹேர்ட்ஸிலிருந்து பேச வைப்பதற்கு ஏறத்தாழ 6.6 மைக்ரோ பரட் வேண்டும். கடையில் கிடைப்பது 6.8. அதே கொள்ளளவியின் பின்னே 4 ஓம் ட்வீட்டரை வைத்துவிட்டால், அது 6,000 ஹேர்ட்ஸ் அருகில்தான் முழுக்குரல் எடுக்கும். வூஃபர் 3,000இல் ஓய்ந்துவிட, இடையிலே ஓர் எண்சுரம் முழுவதும் பேச ஆளில்லாமற் போகும். மெய்யெழுத்துகள் குடியிருக்கும் இடமோ அதுவே. “புதுசு போட்டும் பழைய மாதிரி இல்லையே” என்று சொல்லப்படும் குறைகளுள் பலவற்றுக்கு வேர் இங்கேதான்.

இரண்டாவது, உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்பது இதன் பொருள். வூஃபர் 87, புதிய ட்வீட்டர் 92 என்று வைப்போம். இந்த 5 டெசிபெல் வேறுபாட்டை அப்படியே விட்டால், கச்சேரியிலே பாடகரைக் காட்டிலும் தாளக்காரர் முன்னே வந்து உட்கார்ந்துவிடுவார். ட்வீட்டருக்குத் தொடராக 3.3 ஓம் தடையொன்றும், பக்கமாக 10 ஓம் தடையொன்றும் இட்டால் ஏறத்தாழ 5 டெசிபெல் அடங்கிவிடும். சுற்றின் மொத்தத் தடையும் 8 ஓமுக்கு அண்மையிலேயே நிற்பதால் கொள்ளளவியை மாற்றவேண்டியதில்லை. வூஃபரைவிட உரத்த ட்வீட்டரை இவ்வாறு அடக்கலாம்; மெலிந்ததை உரக்கச் செய்ய வழியில்லை. ஐயம் இருப்பின் சற்று உரத்ததையே வாங்குக.

மூன்றாவது, பரிவு மீடிறன். எந்தக் குமிழுக்கும் தானே துள்ளி அதிர விரும்பும் ஒரு மீடிறன் உண்டு. பிரிப்புப் புள்ளி அதற்கு இருமடங்காவது மேலே இருத்தல் நலம். ஒற்றைக் கொள்ளளவிச் சுற்றுக்கு இன்னும் மேலே. 1,000 ஹேர்ட்ஸில் பரிவுறும் ட்வீட்டர் 3,000இல் தொடங்கலாம். 2,000இல் பரிவுறுவதை அங்கே நிறுத்தினால் அது கரகரக்கும், விரைவில் எரியவும் எரியும். இவ்வெண் கடைக்காரரிடம் இராது; அளந்தே காணவேண்டும். 1,000 ஓம் தடையைத் தொடராக வைத்துக் கணினியிலிருந்து சுரத்தை மெல்ல மெல்ல ஏற்றிச் செல்லும்போது, ட்வீட்டரின் இரு முனைக்கிடையே மின்னழுத்தம் எங்கே உச்சமடைகிறதோ அதுவே பரிவு. மலிவான பல்மானிகள் ஆடலோட்டத்தைச் சில நூறு ஹேர்ட்ஸுக்கு மேல் சரியாகக் காட்டுவதில்லையாதலால், அம்மின்னழுத்தத்தைக் கணினியின் ஒலிவாயிலிலேயே கொடுத்துப் பார்ப்பது தக்கது.

இத்தனை பாடு ஒரு சிறு பெட்டிக்கு எதற்கு என்று நேயர் கேட்கக்கூடும். பி.பி.சி. பொறியியலாளர் 1970களில் தம் ஒலிபரப்பு வண்டிகள் போன்ற சிறு இடங்களில் வைத்துக் கேட்கவென ஆக்கிய எல்.எஸ். 3/5ஏ என்னும் ஒலிபெருக்கியும், ஒரு கையால் தூக்கத்தக்க சிறிய இருவழிப் பெட்டியே. கெஃப் நிறுவனத்தின் டி 27 ட்வீட்டர் அதில் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த ட்வீட்டர்களும் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும் என்பதால், அவ்வப் பெட்டிக்கேற்ப ட்வீட்டரின் உரப்பை ஏற்றி இறக்கப் பிரிப்புச் சுற்றிலேயே பல முனைகள் வைத்திருந்தார்கள். ஆண்டுகள் செல்ல, அதன் தாழ்சுர அலகின் குணம் மெல்ல விலகியது கண்டு, 1980களின் பிற்பகுதியில் சுற்றையே புதிதாக வகுத்தார்கள். 15 ஓமாக இருந்த பெட்டி 11 ஓம் ஆயிற்று. அலகு மாறினால் சுற்றும் மாறியே தீரும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கொடகவெலத் தோட்டத்துப் பெட்டிக்கு மட்டும் அவ்விதி பொருந்தாமற் போகுமா?

அளவைக்கு வருவோம். திருத்தக் கோப்புடன் விற்கப்படும் அளவை ஒலிவாங்கி நல்லதே; விலையோ கொஞ்சம் கூடும். அது இல்லாதபோதும் ஒரு வழி உண்டு. இடப்பக்கப் பெட்டியின் ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதல்லவா? அதுவே அளவுகோல். ஒரே ஒலிவாங்கியை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே முக்காலியில் முதலில் நல்ல பெட்டியையும் பின்னர் திருத்திய பெட்டியையும் வைத்து அளந்தால், ஒலிவாங்கியின் கோணல் இரண்டு கோட்டிலும் ஒன்றுபோலவே விழும். இரு கோடுகளின் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும்போது அக்கோணல் தானே கழிந்துபோகிறது. கைத்தொலைபேசியின் ஒலிவாங்கியும் இதற்குப் போதும். அதிலுள்ள தன்னியக்க ஏற்ற இறக்கத்தையும் இரைச்சல் நீக்கியையும் மட்டும் நிறுத்திவிட வேண்டும். ரூம் ஈக்யூ விசார்ட் போன்ற இலவச மென்பொருள்கள் கோட்டை வரைந்து தரும்.

லயத்து அறைக்குள் அளப்பது வீண். தகரமும் சுவரும் ஒலியைத் திருப்பி அடித்துக் கோட்டைக் குலைத்துவிடும். பெரட்டுக்களம் போன்ற திறந்த வெளியே தக்கது. ட்வீட்டரும் ஒலிவாங்கியும் நிலத்திலிருந்து 1.2 மீற்றர் உயரத்தில், ஒன்றுக்கொன்று ஒரு மீற்றர் தூரத்தில் நிற்பதாகக் கொள்வோம். நேரே வரும் ஒலி ஒரு மீற்றர் நடக்கிறது. நிலத்தில் பட்டு வருவது 2.6 மீற்றர் நடக்கிறது. ஆகவே எதிரொலி ஆயிரத்திலொரு விநாடிகள் நாலரைக்கு மேல் பிந்தி வரும். அதற்கு முன்னரே கணினி வாயிலை அடைத்துவிட்டால், ஏறத்தாழ 220 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ளது யாவும் நிலத்தின் கலப்பின்றித் தூயதாய்க் கிடைக்கும். ட்வீட்டருக்கு அது தாராளம்.

நகரத்துப் புத்தகங்கள் சொல்லாத இடர் ஒன்று உண்டு. அந்தி சாய்ந்தால் தோட்டத்துச் சில்வண்டுகள் பாடத் தொடங்கும். அவற்றின் குரல் விழுவது பல ஆயிரம் ஹேர்ட்ஸ் எல்லையில், சரியாக ட்வீட்டரின் வயலிலேயே. பூச்சியின் கச்சேரியை ட்வீட்டரின் குணமென்று எழுதி வைத்துவிடலாகாது. மழையும் இல்லாமல், பூச்சியும் ஓய்ந்து, காற்றும் வீசாத முற்பகலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்தில் அத்தகைய முற்பகல் கிடைப்பதும் ஒரு பாக்கியந்தான். நான்கு முறை அளந்து சராசரி எடுத்தால் எஞ்சிய இரைச்சல் 6 டெசிபெல் தாழும். ட்வீட்டரைத் தனியே சோதிக்கும்போது ஒரு கொள்ளளவி இன்றி அம்பிளிபயரில் நேரே கோக்கலாகாது என்பதும் நினைவிலிருக்கட்டும்; தாழ்ந்த சுரம் ஒன்று தவறிப் புகுந்தால் புதியதும் அங்கேயே முடிந்துவிடும்.

பெட்டிக்குள் பொருத்தியபின் ஒரு சோதனை எஞ்சியுள்ளது. ட்வீட்டரின் இரு கம்பிகளை இடம் மாற்றி மறுபடி அளக்க வேண்டும். 3,000 ஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 11½ சென்ரிமீற்றரே. வூஃபரும் ட்வீட்டரும் முரணி அசைந்தால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்துப் பிரிப்புப் புள்ளியில் பள்ளம் விழும். எவ்வாறு கோத்தபோது கோடு நிரம்பி, நல்ல பெட்டியின் கோட்டோடு ஒட்டிச் செல்கிறதோ அதுவே சரியான கோவை. சுற்றின் வகையைப் பொறுத்து அது கம்பியின் நிறத்துக்கு மாறாகவும் இருக்கலாம். நிறத்தை நம்பிக் கோட்டைக் கைவிடவேண்டாம். இரண்டு பெட்டிகளின் கோடும் ஒன்று இரண்டு டெசிபெல் எல்லைக்குள் ஒன்றியிருந்தால் வேலை முடிந்தது.

மகன் கணினியைத் தந்தையின் முன் வைத்தான். எரிந்த ட்வீட்டரோடு அளந்த கோடு 3,000க்கு அப்பால் மலைச்சரிவு போல் விழுந்திருந்தது. புதியதோடு அளந்தது நேராகச் சென்றது. தந்தை இரண்டையும் விரலால் தொடர்ந்து பார்த்தார். பின்னர், எதையும் கூறாமல், அம்பிளிபயரின் உச்ச சுரத் திருகை நடுவுக்குக் கொண்டுவந்தார். கணினி எழுப்பும் சுரம் ஏறிக்கொண்டே போக, தமக்கு எங்கே ஒலி நின்றுவிடுகிறது என்பதை அவரே கை உயர்த்திக் காட்டினார். மகனுக்கு அது நின்ற இடம் வேறு. செவிக்கு முறையான சோதனை வைத்தியரிடந்தான் ஆகவேண்டும் என்பதால், அடுத்த கிளினிக் நாளை இருவரும் குறித்துக்கொண்டார்கள்.

கடையில் ட்வீட்டரை இரண்டாகவே வாங்கியிருந்தான். இடப்பெட்டியின் பழையதையும் கழற்றி, சோடி ஒத்திருக்க இரண்டிலும் புதியவற்றையே பூட்டினான். நல்ல நிலையில் உள்ள பழையதைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தார்கள். நாளை ஒரு வழக்கு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். வலப்பெட்டியின் பின்பலகையை மூடுமுன், அதன் உட்புறத்திலே, தேயிலைப் பெட்டிக் காலத்து அச்செழுத்துகள் இன்னும் மங்கலாய்த் தெரியும் இடத்தில், தந்தை பென்சிலால் எழுதினார்: 8 ஓம், 6.8 மைக்ரோ பரட், தொடரில் 3.3, பக்கத்தில் 10, கம்பி மாறிக் கோத்தது, கீழே திகதி.